நகரத்துக் கடைவீதியில் நம் ஊர்ப் பொருள்

கிராமத்தில் கைத்தொழில் செய்து பிழைப்போரிடம், "நீங்கள் செய்யும் பொருள் கடைசியில் எந்தக் கடையில், என்ன விலைக்கு விற்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலோருக்கு விடை கூற இயலுவதில்லை. வியாபாரி வருகிறார், எண்ணி எடுத்துக்கொள்கிறார், பணம் தருகிறார், அல்லது தவணை சொல்கிறார். அத்துடன் அப்பொருளுக்கும் அதைச் செய்த கைக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. நெல்லுக்கும் பருத்திக்குமாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என ஒன்று இருக்கிறது. அன்றைய விலை இன்னதென்று அங்கே போய்க் கேட்டறியலாம். பானைக்கும், ஓலைக் கொட்டானுக்கும், கைமுடிச்சுச் சேலைக்கும் அப்படி ஓர் இடம் இல்லை. அவற்றின் விற்பனைக்கூடம் நகரத்துக் கடைவீதியே. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது பயிரின் பருவத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வதைப் போன்றே அவசியமானது என்று கருதுகிறோம்.

இக்கட்டுரையில் மதுரை நகரை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் தொழிற்கிராமங்கள் நிறைந்த நகரம் அது. தென்கிழக்கே மானாமதுரையில் மண்பாண்டம், திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் மண்பொம்மை, வடக்கே திண்டுக்கல்லில் பூட்டு, சின்னாளபட்டியில் சேலை, வடமேற்கே சோழவந்தானில் வெற்றிலை, கிழக்கே செட்டிநாட்டில் கண்டாங்கிச் சேலையும் ஓலைக் கொட்டானும், இராமநாதபுரத்துச் சீமையில் கருப்பட்டி. இவை யாவும் மதுரைக் கடைகளில் வந்து கூடுகின்றன. ஆனால் எல்லாக் கடைகளிலும் அல்ல. பார்த்தவுடன் கண்ணில் படும் கடைகளில் பெரும்பாலும் அல்ல.

கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

மதுரையின் பழைய நகரம் மீனாட்சியம்மன் கோயிலை நடுவாக வைத்து, சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. அதற்கு வெளியே சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதிகள். திருவிழா நடக்கும் மாதங்களின் பெயரையே வீதிகள் தாங்கியிருக்கின்றன. இந்த அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டால் புதிதாக வருவோரும் வழி தவற மாட்டார்கள். ஒவ்வொரு தொழிலும் ஒவ்வோரிடத்தில் கூடியிருப்பது பழைய நகரங்களின் வழக்கம். கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம், தெற்கு ஆவணி மூல வீதியில் நகைத்தொழில் என்று மதுரையிலும் அவ்வழக்கம் இன்றும் பெரிதும் மாறாமல் இருக்கிறது. மேலமாசி வீதியில் உள்ள ஒரு வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். கைத்தொழிலின் விற்பனையைப் பற்றி அறிய வருவோர் அவ்வீட்டையும் ஒருமுறை பார்த்துச் செல்வது நன்று.

நாம் தேட வேண்டியது எத்தகைய கடை? வேறோர் ஊரில் தலைமை நிலையம் வைத்து நாடெங்கும் கிளை பரப்பிய கம்பெனியின் கடையன்று. ஒரு குடும்பமோ ஒரு தனி மனிதரோ முதல் போட்டு, அவர்களே கல்லாவில் அமர்ந்து நடத்தும் கடை. இவ்விரண்டுக்கும் அளவில் மட்டுமன்றி நடைமுறையிலும் வேறுபாடு உண்டு. கிளைக் கடையில் சரக்கு வாங்கும் முடிவு அங்கே இருப்பவர் கையில் இல்லை. ஆயிரக்கணக்கில், ஒரே அச்சாக, ஆண்டு முழுவதும் தரக்கூடியவரிடமே அது வாங்கும். இருபது கொட்டான்களோ முப்பது பானைகளோ கொண்டுவரும் ஒரு மகளிர் குழுவுக்கு அங்கே கதவு திறப்பது அரிது. சொந்தக்காரரே அமர்ந்திருக்கும் கடையிலோ அந்த இருபதையும் கையில் எடுத்துப் பார்த்து, அங்கேயே 'ஆம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்ல ஆள் இருக்கிறார். 'மூடி சரியாகப் பொருந்தவில்லை' என்று வாடிக்கையாளர் சொன்ன குறையை அடுத்த முறை நம்மிடம் சொல்லக்கூடியவரும் அவரே. சிறு உற்பத்திக்குச் சிறு கடையே இயல்பான துணை.

இக்கடைகள் பெரும்பாலும் விளம்பரப் பலகையால் தம்மை அறிவித்துக்கொள்வதில்லை. பெரிய வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கும்; அல்லது ஒரு பழைய வீட்டின் முன்கட்டில் இருக்கும். புதுமண்டபத்துக் கடைகளின் கதை இதற்குத் தக்க சான்று. திருமலை நாயக்கர் காலத்தில் எழுந்த அம்மண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகத் தையற்காரர்களும், பாத்திரக்காரர்களும், வளையல், பொம்மை விற்போரும் கடை வைத்திருந்தனர். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேண்டிக்கொண்டு வேடமிட்டுத் தண்ணீர் பீய்ச்சுவோருக்கான உடைகளை அங்கேதான் தைத்து வாங்குவார்கள். மண்டபத்தின் சிற்பங்களைக் காக்கும் பொருட்டு அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. பழைய இடத்தையே நினைவில் வைத்து வருவோர் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, 'அத்தொழிலே போய்விட்டது போலும்' என்று திரும்பிவிட இடமுண்டு. தொழில் போகவில்லை, கடை நகர்ந்திருக்கிறது. ஆகவே, கடை இருந்த இடத்தில் இல்லையென்றால் பக்கத்தில் பூக்கட்டும் அம்மாளையோ டீக்கடைக்காரரையோ கேட்பதே சிறந்த வழி. கைப்பேசியில் தேடினால் முதலில் வருவது விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயராகவும் இருக்கக்கூடும்.

இன்னொரு குறிப்பும் சொல்லலாம். ஒரு கடையில் வெளியூர்ப் பயணிகள் மட்டும் வாங்குகிறார்களா, உள்ளூர்க் குடும்பங்களும் வாங்குகின்றனவா என்று சிறிது நேரம் நின்று கவனிக்க வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் நவராத்திரிக்குப் பொம்மையும், பொங்கலுக்குப் பானையும் வந்து வாங்கும் கடையில் சரக்கு பெரும்பாலும் அசலாகவே இருக்கும். ஏனெனில் ஏமாந்தவர் அடுத்த வாரமே வந்து கேட்பார். பயணியை ஏமாற்றினால் கேட்க வருபவர் யாருமில்லை.

பெயர் ஒன்று, பொருள் வேறு

மதுரைக் கடைவீதியில் நாம் கற்க வேண்டிய பாடங்களுள் முதன்மையானதைச் சுங்குடிச் சேலை கற்பிக்கிறது. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் இது. பருத்தித் துணியில் புள்ளி விழ வேண்டிய இடத்தை விரல் நுனியால் சிறிதளவு கிள்ளியெடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுகிறார்கள். பிறகு துணியைச் சாயத்தில் தோய்க்கிறார்கள். முடிச்சுக்குள் சாயம் புகுவதில்லை. உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் அங்கே சிறு வெண்புள்ளி தோன்றுகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள் வேண்டும். வீட்டிலிருக்கும் பெண்கள், சமையலும் குழந்தையும் போக மீந்த நேரத்தில், நாட்கணக்கில் அமர்ந்து இவற்றை இடுகிறார்கள்.

பின்னாளில் மெழுகு அச்சு வந்தது. திரை அச்சும் வந்தது. ஒரு மணி நேரத்தில் பல சேலைகளுக்குப் புள்ளி வைக்க முடிந்தது. அச்சுச் சேலை கெட்ட பொருள் என்று நாம் சொல்லவில்லை. விலை மலிவு, அணிவதற்கு இலகு, அதனாலும் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் அதுவும் 'சுங்குடி' என்ற பெயரிலேயே விற்கிறது. வாங்குபவர் இரண்டையும் ஒன்றென எண்ணி விலை மலிந்ததையே எடுக்கிறார். நாட்கணக்கில் முடிச்சிட்ட பெண் தன் சேலைக்கு ஏன் இவ்வளவு விலை என்று விளக்க அங்கே இல்லை. விளைவு யாது? முடிச்சிடும் கைகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. மகளுக்கு இத்தொழில் வேண்டாம் என்று தாயே சொல்லிவிடுகிறாள். தொழில் அழிவதற்குப் பஞ்சமோ போரோ தேவையில்லை. ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்றாலே போதும்.

வேறுபாட்டை அறிவது கடினமன்று. கையால் முடிச்சிட்ட புள்ளி ஒன்றைப்போல் ஒன்று இராது; சற்றே கோணலாக, நடுவில் ஒரு துளிச் சாயத்துடன், விளிம்பு கலங்கியிருக்கும். முடிச்சு இருந்த இடத்தில் துணி சிறிது சுருங்கி மேடிட்டிருக்கும்; விரலால் தடவினாலே தெரியும். அச்சிட்ட புள்ளி தட்டையாகவும், எல்லாம் ஒரே அளவாகவும் இருக்கும். துணியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், திரை அச்சாயின் நிறம் மங்கியிருக்கும். முடிச்சிட்டதாயின் இருபுறமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். நல்ல கடைக்காரர் கேட்கும் முன்பே இதைச் சொல்லி இரண்டையும் தனித்தனியே எடுத்துப் போடுவார். அவ்வாறு பிரித்துச் சொல்லுகிறாரா என்பதையே கடைக்காரரை அளக்கும் கோலாகக் கொள்ளலாம்.

பெயரைக் காப்பதற்குச் சட்டமும் இருக்கிறது. ஓர் ஊரின் மண்ணாலோ, நீராலோ, கைத்திறத்தாலோ தனிச்சிறப்புப் பெற்ற பொருளுக்கு அவ்வூர்ப் பெயரை உரிமையாக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. மதுரைச் சுங்குடி 2005இலும், செட்டிநாட்டுக் கொட்டானும் மதுரை மல்லியும் 2013இலும், திண்டுக்கல் பூட்டும் காரைக்குடிக் கண்டாங்கியும் 2019இலும், மானாமதுரை மண்பாண்டமும் சோழவந்தான் வெற்றிலையும் 2023இலும் இக்குறியீட்டைப் பெற்றன. செய்தித்தாளில் இதைப் படித்து மகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் குறியீடு கிடைத்ததால் மட்டும் செய்பவர் கைக்கு ஒரு காசும் கூடுதலாக வந்துவிடாது. குறியீட்டைப் பதிவு செய்தது பெரும்பாலும் ஒரு சங்கம். அதைத் தம் பொருளில் சட்டப்படி பயன்படுத்த விரும்பும் ஒவ்வொரு தொழிலாளியும், 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தம் பெயரைத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். 500 ரூபாயாக இருந்த அதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கட்டணம் குறைந்தும் பலர் பதியாமலிருப்பதற்குக் காரணம் படிவம் நிரப்பத் துணையின்மையே. தன் எல்லைக்குள் இத்தகைய தொழிலாளர் எத்தனை பேர், பதிந்தவர் எத்தனை பேர் என்று ஒரு பஞ்சாயத்து கணக்கெடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மற்றொரு தவறும் கடைவீதியில் காணப்படுகிறது. இது நம்மவர்களே செய்வது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர் இருக்கிறதென்று, சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி இறக்கிய பதநீரில் காய்ச்சிய கருப்பட்டியையும் சிலர் 'உடன்குடி' என்றே விற்கிறார்கள். 2023இல் உடன்குடிக்குக் குறியீடு கிடைத்தபின் இது சட்டத்துக்கும் மாறானது. சட்டத்தை விட்டுவிடுவோம். சாயல்குடியின் பனையும் மண்ணும் தரும் சுவை யாருக்கும் தாழ்ந்ததன்று. அடுத்த ஊர்ப் பெயரில் விற்கும்வரை நம் ஊர்ப் பெயர் எக்காலத்திலும் வளராது. இன்று பெயர் பெற்ற ஊர்கள் யாவும் ஒரு காலத்தில் யாரும் அறியாத ஊர்களாக இருந்தவையே.

கருப்பட்டியைப் பற்றிப் பேசியதால் அதன் தேர்வையும் சொல்லிவிடுகிறோம். உடைத்த பக்கத்தில் சர்க்கரைத் துகள்போல் மினுமினுப்பு மிகுதியாகத் தெரிந்தால் கலப்படம் என்று ஐயுற வேண்டும். அசல் கருப்பட்டி மங்கலான நிறத்துடன், இனிப்பினூடே மெல்லிய உவர்ப்புத் தட்டும். மழைக்காலத்துக் காற்றில் சற்றே இளகும். இளகுகிறதே என்று வாங்குபவர் முகம் சுளிப்பதால்தான் சிலர் சீனியைக் கலந்து கெட்டியாக்கத் துணிகிறார்கள். இளகுவது குணம், குற்றமன்று என்று வாங்குபவருக்குச் சொல்லக் கடையில் ஆள் வேண்டும். சொந்தக்காரர் அமர்ந்திருக்கும் கடையின் மதிப்பு இத்தகைய இடத்தில்தான் விளங்கும்.

அறுபது ரூபாய்ப் பானை நூற்றுப்பத்தானது எவ்வாறு?

கடைவீதிக்குச் சென்று தம் பொருளின் விலைச் சீட்டைப் பார்க்கும் தொழிலாளி பெரும்பாலும் கோபத்துடன் திரும்புவார். "என்னிடம் அறுபதுக்கு வாங்கியதை நூற்றுப்பத்துக்கு விற்கிறான், ஐம்பது ரூபாய் கொள்ளை" என்பார். இக்கோபம் சில இடங்களில் நியாயமானது. எல்லா இடத்திலும் அன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்கின் பொருட்டு நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையை இட்டு இதே முறையில் கணக்கிடலாம்.

நூறு பானை, ஒன்று 60 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். நகரம் வரை வண்டி வாடகை 1,200 ரூபாய். ஆக 7,200. வழியில் ஆறு பானை உடைந்தன. மீதி 94. அப்படியானால் கடையில் இறங்கிய பானை ஒன்றின் அடக்கவிலை ஏறத்தாழ 76 ரூபாய் 60 காசு. நூற்றுப்பத்துக்கு விற்றால் கடைக்காரருக்கு நிற்பது ஐம்பதன்று, 33 ரூபாய் 40 காசு. அதில் கடை வாடகை, விளக்கு, ஆள் கூலி, விற்காமல் கிடக்கும் சரக்கில் முடங்கிய முதல் யாவும் அடங்க வேண்டும்.

இனி வேறு விதமாகப் பார்ப்போம். இரண்டு சூளைக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் இருநூறு பானை ஏற்றுகிறார்கள். வாடகை நூற்றுக்கு 600 ஆகிறது. பானைக்குப் பானை வைக்கோல் திணித்து அடுக்கியதால் நூற்றுக்கு ஒன்றே உடைகிறது. அடக்கவிலை இப்போது 66 ரூபாய் 67 காசு. பானைக்கு ஏறத்தாழப் பத்து ரூபாய் மிச்சம். இந்தப் பத்து ரூபாய் எவரிடமிருந்தும் பறித்ததன்று. உடைசலாகவும் வெற்று வண்டி ஓட்டமாகவும் வீணாகிக்கொண்டிருந்தது. அதில் ஐந்தைச் செய்தவர் கேட்டுப் பெறலாம். கடைக்காரரும் மறுக்க மாட்டார், ஏனெனில் அவருக்கும் ஐந்து கிடைக்கிறது. வைக்கோல் கொடுப்பவர் அதே ஊர் விவசாயி. விலையைக் கூட்டித் தா என்று வாதாடுவதைக் காட்டிலும் இவ்வழி பயன் தரும் என்பது நம் எண்ணம்.

மானாமதுரைப் பாண்டத்துக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. அதன் வலிவும் ஒலியும் சுற்றுப்புறக் கண்மாய்களின் களிமண்ணால் வந்தவை. அங்கே செய்யும் கடம் கர்நாடக இசை வித்துவான்களிடையே தனிப்பெயர் பெற்றது. அந்த மண் கிடைப்பது கண்மாய் வற்றிய கோடையில் மட்டும். மழைக்காலத்தில் மண்ணும் எடுக்க இயலாது, வனைந்ததைக் காயவைக்கவும் இயலாது. மண்ணெடுக்க அனுமதி பெறுவதற்குள் மழை வந்துவிடும் என்பதே மண்பாண்டத் தொழிலாளரின் நெடுநாள் முறையீடாக இருந்தது. 2024இல் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரி, குளம், கண்மாய்களிலிருந்து வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் செய்யப்பட்டது. இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால், எந்தக் கண்மாயில் எந்தப் பக்கத்து மண் வனைவதற்கு ஏற்றது என்பதைத் தொழிலாளரைக் கேட்டுக் குறித்துவைத்து, வண்டல் அள்ள வருவோர் அப்பகுதியைக் கலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயலுக்கு ஏற்ற வண்டலும் சக்கரத்துக்கு ஏற்ற களியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே கண்மாயில் இடமுண்டு. நகரத்துக் கடையில் மானாமதுரைப் பானை தொடர்ந்து கிடைக்குமா என்பது கோடையில் கண்மாய்க் கரையில் தீர்மானமாகிற காரியம்.

கடைக்காரர் என்ன கேட்கிறார்?

சிறு கடைகளை நாம் இதுவரை பாராட்டியே பேசியதால், அவற்றில் குறையில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். விற்ற பின்பே பணம் என்று சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலையவிடும் கடைகள் உண்டு. அசல் சரக்கை முன்னால் அடுக்கி, போலியைப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. இத்தகையவரை ஒரு பருவத்தில் அறிந்துகொள்ளலாம். முதல் முறை சிறிதளவே கொடுத்து, எத்தனை நாளில் பணம் வந்தது என்று எழுதிவைத்து, அதன்பின் கூடுதலாகக் கொடுப்பதே முறை. கொடுத்த எண்ணிக்கை, விலை, பணம் தரும் நாள் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கத் தயங்கக் கூடாது. நாணயமான கடைக்காரர் இதற்குச் சினம் கொள்ள மாட்டார்.

அவருடைய பக்கத்துக் குறைகளையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பொருள் அழகாக இல்லை என்று அவர் சொல்வது அரிது. 'சொன்ன நாளில் வரவில்லை' என்பதே அவர் முதலில் சொல்லும் குறை. கார்த்திகை விளக்கு கார்த்திகை கழிந்து வந்தால் அதை அடுத்த ஆண்டு வரை அவர் வைத்துக் காக்க வேண்டும். அடுத்தது அளவு. கொட்டானின் மூடி ஒன்றுக்குப் பொருந்தி மற்றொன்றுக்குப் பொருந்தாவிட்டால் விற்க முடியாது. கையால் செய்வதில் வேறுபாடு இருப்பது அழகுதான். மூடி பொருந்தாமலிருப்பது அழகன்று. ஒரு மரத்துண்டில் அளவுக்கோடு இழைத்து ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிட்டால் இக்குறை தீரும். இதற்குத் தச்சருக்கு அரைநாள் வேலை.

மூன்றாவது, ஊர் பெயர் எழுதிய சீட்டு. வாங்குபவர், "இது எங்கே செய்தது?" என்று கேட்கும்போது கடைக்காரர் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். பொருளின் பெயர், ஊர், செய்த குழுவின் பெயர், என்ன மூலப்பொருள், எப்படிப் பேண வேண்டும் என்ற ஐந்து வரிகள் கொண்ட சிறு சீட்டு போதும். புதுப்பானையை எவ்வாறு பழக்குவது என்று இரண்டு வரி எழுதாததால், வாங்கிய முதல் நாளே அடுப்பில் வைத்து வெடித்த பானைகள் எத்தனையோ! அரிசி கழுவிய நீரை ஊற்றி ஊறவைத்து, சிறுதீயில் பழக்க வேண்டுமென்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். நகரத்தில் புதிதாக மண்சட்டி வாங்கும் இளம் குடும்பத்துக்குத் தெரியாது. வெடித்த பானைக்கு வசவு கிடைப்பது நம் ஊருக்கு.

உண்பொருளாயின் சீட்டு மட்டும் போதாது. கருப்பட்டி, அப்பளம், வடகம் முதலியவற்றை உறையிட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான பதிவு எண், நிகர எடை, உறையிட்ட நாள், விலை, செய்தவர் முகவரி ஆகியவை உறைமேல் இருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கை வாங்கி வைக்கும் கடைக்காரருக்கும் அபராதம் விழும். ஆகவே நல்ல கடைக்காரர் வாங்க மாட்டார். இதை அவருடைய கர்வம் என்று எண்ணித் திரும்பிவிடக் கூடாது.

போய்வருவது எப்படி?

மதுரைக்குச் சரக்கு அனுப்பும் ஊர் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருமுறையாவது கடைவீதியைச் சுற்றிப் பார்க்க ஆள் அனுப்ப வேண்டும் என்பது நம் யோசனை. கூட்டமாகப் போகத் தேவையில்லை. பொருளைத் தம் கையால் செய்பவர் ஒருவர், எழுத்தும் கணக்கும் அறிந்தவர் ஒருவர், பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் என மூவர் போதும். செய்பவர் பெண்ணாக இருந்தால் இருவராகச் செல்லட்டும். கண்டாங்கியோ சுங்குடியோ கொட்டானோ, அவற்றைக் கண்ட மாத்திரத்தில் குணமும் குற்றமும் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. காலையில் கடை திறக்கும் வேளையில் சென்றால் சொந்தக்காரர் பேச நேரம் இருக்கும். மாலையில் கூட்டம் மிகுந்தபின் அவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது முறையன்று. திருவிழாவுக்கு முந்திய வாரத்தையும் தவிர்க்க வேண்டும்.

செல்வோர் தம் ஊர்ப் பொருள் விற்கும் கடைகளில் இரண்டிலும், அதே பெயரில் வேறு சரக்கு விற்கும் கடை ஒன்றிலும், ஆளுக்கொரு பொருளை ரசீதுடன் விலை கொடுத்து வாங்கி வர வேண்டும். இனாமாகவோ மாதிரியாகவோ கேட்கக் கூடாது; வாங்கும்போது கிடைக்கும் மரியாதையும், உறையும், கடைக்காரர் சொல்லும் சொல்லும் அப்போதுதான் உள்ளபடி தெரியவரும். ஒவ்வொரு பொருளிலும் ஒரு துண்டுச் சீட்டு கட்டி, கடை இருந்த வீதி, கேட்ட விலை, கொடுத்த விலை, எந்த ஊர்ச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னார் என்பதை அன்றே எழுதிவிட வேண்டும்; மறுநாள் எழுதினால் பாதி மறந்துபோகும்.

காலக் கணக்கும் முக்கியம். நவராத்திரிப் பொம்மைக்குக் கடைக்காரர்கள் மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்கிறார்கள். ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபையில் அதைப் பேசினால் காலம் கடந்துவிடும். மே முதல் நாள் கூட்டத்தில் பேசினால் பொருந்தும். பொங்கல் பானைக்கு ஆகஸ்டுக் கூட்டம் ஏற்றது. மண் அப்போது கையிருப்பில் இருக்கும், மழைக்கு முன் ஒரு பகுதியை வனைந்து சுட்டுவிடலாம். வாங்கிவந்த பொருள்களைக் கிராம சபையில் மேசைமேல் வைத்து, எது தம் ஊரில் செய்தது, எது அன்று என்று செய்தவர்களையே சொல்லச் செய்ய வேண்டும். பிறகு சீட்டைப் பிரித்து விலையைப் படிக்கலாம்.